அடி ஒருவருக்கு, வலி ஊருக்கு

(பழைய மாணவர் சங்கமக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "தம்பி, நீ பாலம், அஸ்திவாரம்னு வேலை பார்க்கிற ஆளு. இருபது நிமிஷம் பேசு. பசங்களுக்கு உபயோகமா இருக்கணும். தலைப்பை நீயே வச்சுக்கோ" என்றார். நான் வைத்த தலைப்பைச் சொன்னதும் கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பேசு. ஆனா யார் மனசும் நோகாம பேசு" என்றார். முயற்சி செய்கிறேன். யார் மனமும் நோகாமல் பேசக்கூடிய விஷயமா இது என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். சாதியின் பெயரால் ஒருவரைத் தாக்கினால், அந்தத் தாக்குதல் அவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் என்ன செய்கிறது? இதைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் என்ன ஆராய்ந்திருக்கிறார்கள்? நம்முடைய கரிசல் பூமியில் நடந்தவற்றை அந்த ஆய்வுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

இப்படி ஆரம்பித்ததும், "இவன் எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று உங்களில் சிலர் யோசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். நம் பக்கத்துப் பழக்கம் அது. "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். சொல்வோம். "அங்க யாரு வீடு?" என்பார்கள். அதற்கும் சொல்வோம். "பஸ் ஸ்டாப்புக்கு மேக்கயா, கிழக்கயா?" என்று மூன்றாவது கேள்வி வரும்போது ஆளை எடைபோட்டு முடித்திருப்பார்கள். நான் என் தெருவைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், நான் பேசுவதில் பாதியை நீங்கள் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள்.

பெயர் வந்த கதை

ஆங்கிலத்தில் 'ஹேட் கிரைம்' என்கிறார்கள். வெறுப்புக் குற்றம் என்று தமிழில் சொல்லலாம். ஒருவர் செய்த காரியத்துக்காக இல்லாமல், அவர் பிறந்த இனம், மதம், சாதி இவற்றுக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் குற்றம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட குற்றங்களைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று 1990-ல் ஒரு சட்டம் போட்டார்கள்.

இங்கிலாந்தில் 1993-ல் லண்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவனை வெள்ளை இளைஞர் கூட்டம் ஒன்று குத்திக் கொன்றது. கட்டடக் கலைஞன் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன். போலீஸ் விசாரணை சரியாக நடக்கவில்லை. பெற்றோர் விடாமல் போராடினார்கள். மாக்ஃபெர்சன் என்ற நீதிபதி விசாரித்து 1999-ல் அறிக்கை கொடுத்தார். பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், காவல்துறை அதை அப்படியே பதிவு செய்து விசாரிக்க வேண்டும் என்றார். லண்டன் போலீஸ் துறைக்குள்ளேயே இனப் பாகுபாடு ஊறிக் கிடக்கிறது என்றும் எழுதினார்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் பாராளுமன்றம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 1989-லேயே நிறைவேற்றிவிட்டது. 1990 ஜனவரி 30-ல் அது அமலுக்கு வந்தது. அமெரிக்கக் கணக்கெடுப்புச் சட்டத்தைவிட நம் சட்டம் மூத்தது. 2022-ல் மட்டும் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் என்று நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 57,582. இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

ஒரே அடி, இரண்டு காயம்

"அடின்னா அடிதானே? ரத்தம் எல்லாருக்கும் ஒரே நிறம்தானே? இதுக்கு எதுக்குத் தனிச் சட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இதே கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் கிரிகரி ஹெரெக் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1999-ல் வெளிவந்தது. தன்பாலின, இருபாலின ஈர்ப்புடையோர் 2,259 பேரிடம் விவரம் சேகரித்தார்கள். வழிப்பறி, அடிதடி போன்ற சாதாரணக் குற்றங்களுக்கு ஆளானவர்கள் அவர்களில் இருந்தார்கள். தாங்கள் இன்னார் என்பதற்காகவே தாக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பையும் ஒப்பிட்டார்கள். வெறுப்பினால் தாக்கப்பட்டவர்களுக்கு மனச்சோர்வும், கோபமும், பதற்றமும், அந்தச் சம்பவம் திரும்பத் திரும்ப மனதில் வந்து உலுக்குவதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. சாதாரணக் குற்றத்துக்கு ஆளானவர்களுக்கு இரண்டு வருஷத்துக்குள் இவை தணிந்தன. வெறுப்பினால் தாக்கப்பட்டவர்களுக்கு ஐந்து வருஷம்வரைகூடத் தேவைப்பட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? நம் ஊர் உதாரணத்தோடு சொல்கிறேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி ஒருவருடைய பர்ஸை அடித்துவிடுகிறார்கள். மறுநாள் அவர் என்ன செய்வார்? பணத்தை உள்பையில் வைப்பார். ராத்திரி கடைசி பஸ்ஸுக்குப் போகமாட்டார். "அன்னைக்கு அசந்துட்டேன், இனி ஜாக்கிரதையா இருக்கணும்" என்று நினைக்கும்போதே பாதி பயம் போய்விடும். பிறந்த சாதிக்காக அடிபட்டவர் எதை மாற்றிக்கொள்வார்? பர்ஸை இடம் மாற்றலாம், பிறப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவருக்கு எந்த ரோடும் பழைய ரோடாக இருப்பதில்லை.

நம் தொழிலில் இதற்கு ஒரு உவமை உண்டு. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வாய் பிளக்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டுக் கட்டிய வீட்டுச் சுவரில் வருஷாவருஷம் விரிசல் வரும். கொத்தனார் வந்து சிமெண்டு பூசிவிட்டுப் போவார். அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடி திறக்கும். சுவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, கோளாறு கீழே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பியதும் காயம் ஆறிவிட்டது என்று நாம் நினைப்பதும் இந்தப் பூச்சு வேலைதான்.

எதைக் குறிவைக்கிறார்கள்?

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். 1995 ஜூலையில் சங்கரன்கோவில் பக்கம் வீரசிகாமணியில் பள்ளி மாணவர்களுக்கும் ஒரு பஸ் டிரைவருக்கும் ஏற்பட்ட தகராறு, தென்மாவட்டங்கள் முழுக்கச் சாதிக் கலவரமாகப் பரவியது. இரண்டு தரப்பிலும் உயிர்கள் போயின. அந்தக் கொந்தளிப்பில், 1995 ஆகஸ்ட் 31 அன்று, நமது தூத்துக்குடி மாவட்டத்தின் கொடியங்குளம் கிராமத்துக்குள் சுமார் 600 போலீசார் புகுந்தார்கள். குற்றவாளிகளைத் தேடிப் போனோம் என்பது அவர்கள் தரப்பு. பெரும்பாலும் தேவேந்திர குல மக்கள் வாழும் ஊர் அது.

அங்கே என்னென்ன உடைக்கப்பட்டன என்று அப்போதைய பத்திரிகைகளும் பின்னர் 1999-ல் வந்த மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கையும் பட்டியல் போட்டன. டி.வி., டேப் ரிக்கார்டர், மின்விசிறி, தையல் மெஷின், சைக்கிள், டிராக்டர். இவற்றோடு பாஸ்போர்ட்டுகளும் படித்த பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளும் அழிக்கப்பட்டன.

இந்தப் பட்டியலை ஒரு நிமிஷம் பொறுமையாகப் பாருங்கள். கொடியங்குளம் சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் வசதியான ஊர். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்த பணம் வந்துகொண்டிருந்தது. வீடுகள் உயர்ந்தன, பிள்ளைகள் படித்தார்கள். ஆளைத் தேடி வந்தவனுக்குத் தையல் மெஷின் என்ன செய்தது? மார்க் ஷீட் என்ன செய்தது? இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சர்டிபிகேட்டின் விலை தெரியும். பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் அம்மா வைத்திருப்பாள். அதைக் கிழிக்கிற கைக்கு அது வெறும் காகிதம் இல்லை என்று நன்றாகத் தெரியும்.

இதை ஒரு பொருளாதார ஆய்வு எண்களால் காட்டியிருக்கிறது. ஸ்மிருதி சர்மா என்ற பொருளாதார அறிஞர் இந்தியாவில் பதிவான வன்கொடுமை வழக்குகளையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் குடும்பங்களுக்கும் மேல்சாதிக் குடும்பங்களுக்கும் இடையேயான செலவு வித்தியாசத்தையும் மாவட்டவாரியாக ஒப்பிட்டு 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த வித்தியாசம் குறைகிற இடங்களில் குற்றங்கள் கூடுகின்றன என்பது அவருடைய முடிவு. பள்ளத்தில் இருந்தவர் மேடேறி வருவதைப் பொறுக்காமல் விழும் அடி என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதை அவர் கணக்குப் போட்டு எழுதினார்.

இது ஒரு சமூகத்துக்கு மட்டும் நடந்த கதையும் இல்லை. நமக்குப் பக்கத்துக் கழுகுமலையில் 1895-லும், சிவகாசியில் 1899-லும் நாடார் சமூகத்தார் தாக்கப்பட்டார்கள். வணிகத்தால் முன்னேறி, தேரோடும் வீதியில் ஊர்வலம் போகவும் கோயிலுக்குள் நுழையவும் உரிமை கேட்ட காலம் அது. சிவகாசியில் நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-ல் எழுதிய புத்தகத்தில் இது விரிவாக இருக்கிறது. இன்று அந்த நினைவே இல்லாமல் நாம் சிவகாசிக்குப் போய்ப் பட்டாசு வாங்கி வருகிறோம். ஒரு காலத்தில் அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மில்லும் பள்ளியும் நடத்துவது நமக்கெல்லாம் பெருமை. தாத்தா பட்ட அவமானம் எந்தக் குடும்பத்துக்கும் நினைவிருந்தால், அடுத்த வீட்டுக்காரன் படுகிற அவமானம் சீக்கிரம் புரியும்.

அடிபடாதவருக்கும் வலி

இனி நான் சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சின் மையம். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2013 முதல் 2017 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தாக்குதலுக்கு நேரடியாக ஆளாகாதவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தன் சமூகத்தைச் சேர்ந்த யாரோ ஒருவர் தாக்கப்பட்டார் என்று கேள்விப்பட்டவர்கள், பேப்பரில் படித்தவர்கள். முஸ்லிம்களிடமும் பாலினச் சிறுபான்மையினரிடமும் ஆய்வு செய்தார்கள். முகம் தெரியாத ஆள் அடிபட்டால்கூட, வெறுப்பினால் விழுந்த அடி என்று தெரிந்ததும் இவர்களுக்கும் கோபமும் பயமும் வந்தன. பயந்தவர்கள் சில இடங்களுக்குப் போவதை நிறுத்தினார்கள். கோபப்பட்டவர்கள் சங்கம் சேர்ந்தார்கள், மனு எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஹாஸ்டல் நாட்கள் ஞாபகம் வந்தன. செப்டம்பர் 11, அக்டோபர் 30 இரண்டும் நம் பக்கத்தில் எப்படிப்பட்ட நாட்கள் என்று உங்களுக்குத் தெரியும். பரமக்குடிக்கும் பசும்பொன்னுக்கும் அஞ்சலி செலுத்தக் கூட்டம் போகும். வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, ரோட்டில் போலீஸ், 144 தடை உத்தரவு. அந்த வாரங்களில் என் பக்கத்து ரூம் நண்பன் ஊருக்குப் போக வேண்டுமென்றால், பஸ் எந்த வழியாகப் போகும், எந்த ஊரில் நிற்கும் என்று இரண்டு பேரிடமாவது விசாரிப்பான். அவனை யாரும் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் எந்த ஸ்டாப்பில் இறங்கக் கூடாது என்பது அவனுக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரியும். அவன் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார்.

பஸ் என்றதும் இன்னொன்று. இப்போதைய மாணவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு காலத்தில் நம் பக்கத்து அரசு பஸ்களில் 'கட்டபொம்மன்' என்று எழுதியிருக்கும். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வந்த புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதியாக இருந்தவர். "அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம்" என்று கிளம்பிய எதிர்ப்பு கலவரமாகி, கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. வ.உ.சிதம்பரனார் மாவட்டமாக இருந்த நம் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான். பஸ்ஸில் எழுதிய ஒரு பெயரைத் தாங்காத சாலையில், அந்தப் பெயருக்குரிய சமூகத்துப் பையன் எவ்வளவு நிம்மதியாகப் பயணம் செய்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்மைக் காலத்துக்கு வருகிறேன். 2025 ஜூலை 27-ல் பாளையங்கோட்டையில் ஒரு இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 27. நம் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். சென்னையில் சாஃப்ட்வேர் பொறியாளர். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக நடந்த கொலை என்பது வழக்கு. அது கோர்ட்டில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் வகுப்புத் தோழன் ஒருவன் போன் செய்தான். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் வீடு கட்டுவதற்கு என்னிடம் பிளான் கேட்டிருந்தான். இரண்டு பெட்ரூம், மாடிப்படி வெளியே, கரிசல் தரை என்பதால் அடி அகன்ற அண்டர் ரீம் பைல் என்று வரைந்து கொடுத்திருந்தேன்.

"மாப்ள, அந்த பிளானைக் கொஞ்சம் நிறுத்தி வைடா."

"ஏன்டா, லோன் வரலையா?"

"லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. அம்மா வேண்டாங்குது. பையன் இங்க வளர வேண்டாம்னு ஒரே அழுகை."

இறந்த இளைஞரை என் நண்பனுக்குத் தெரியாது. ஒரே மாவட்டம், ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரி வேலை, அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் விழுந்த வெட்டு இங்கே ஒரு வீட்டின் கடைக்காலை நிறுத்திவிட்டது. இதற்கு எந்த ஸ்டேஷனிலும் எப்.ஐ.ஆர். கிடையாது. குற்ற ஆவணக் காப்பகத்தின் புத்தகத்தில் இதற்குக் கட்டமும் கிடையாது. சசெக்ஸ் ஆய்வாளர்கள் அளந்தது இதைத்தான்.

ரத்தம் சிந்தாத குற்றமும் உண்டு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தொட்டியைக் கழுவலாம், இடித்துவிட்டுப் புதிதாகவும் கட்டலாம். நம்மைப் போன்ற சிவில் இன்ஜினியருக்கு அது சின்ன வேலை. குழாயைத் திறக்கும்போதெல்லாம் வருகிற அந்தச் சந்தேகத்தை எந்த எஸ்டிமேட்டில் சேர்ப்பது?

அடிக்கிறவன் யார்?

மாணவத் தம்பிகள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஜாக் லெவின், ஜாக் மெக்டெவிட் என்ற இரண்டு பேராசிரியர்கள் பாஸ்டன் நகரப் போலீசின் 169 வழக்குக் கட்டுகளை எடுத்துப் படித்தார்கள். வெறுப்பையே கொள்கையாக வைத்துக்கொண்டு கிளம்பியவன் அதில் ஒருவனுக்கு மேல் தேறவில்லை. மூன்றில் இரண்டு பங்கு வழக்குகளில், நாலைந்து பையன்கள் சேர்ந்து, பொழுதுபோகாமல், "வாடா, ஒரு கை பார்க்கலாம்" என்று கிளம்பியவர்கள். மற்றவர்களில் பலர் "எங்க ஏரியாவுக்குள்ள அவன் வரக்கூடாது" என்றவர்கள். இன்னும் சிலர் பழிக்குப் பழி என்று கிளம்பியவர்கள்.

நம் ஊரில் இந்த மூன்றும் கலந்தே வருகின்றன. கையில் கலர் கயிறு, போனில் ஸ்டேட்டஸ், பைக்கில் ஸ்டிக்கர், திருவிழாவில் போடும் பாட்டு. எல்லாம் விளையாட்டு மாதிரித்தான் ஆரம்பிக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, அவன் படித்த பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கலர் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களை மாணவர்கள் அணியக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. சிலவற்றைப் பற்றி எதிர்ப்பும் விவாதமும் வந்தன. வெட்டுப்பட்ட அந்த மாணவன் அடுத்த வருஷம் பிளஸ் டூ பரீட்சை எழுதித் தேறினான். அந்தப் பையனின் மனவலிமைக்கு முன்னால் நாம் வாங்கிய டிஸ்டிங்ஷன் எல்லாம் சாதாரணம்.

வெட்டியவர்களும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் கையில் அரிவாள் வருவதற்கு முன்னால் கயிறு வந்தது, கயிறு வருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. அந்தப் பேச்சு நடக்கும்போது அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்களில் படித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அடிபட்ட பிறகு

"சரி, நாங்க என்ன செய்யணும்கிற?" என்று கேட்பது புரிகிறது. அதற்கும் ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. கிறிஸ் பிரூவின் என்ற லண்டன் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் 2000-ல் 77 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். கொடுமையான சம்பவத்தில் சிக்கியவர்களில் சிலர் தேறிவிடுகிறார்கள், சிலர் வருஷக்கணக்கில் நொறுங்கிக் கிடக்கிறார்கள். எதனால்? முந்தைய வாழ்க்கை, படிப்பு, குடும்பம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவற்றைவிட, சம்பவத்தின் கடுமையும், சம்பவத்துக்குப் பிறகு கூட நிற்க ஆள் இல்லாமல் போவதும், அடுத்தடுத்து வரும் தொல்லைகளும்தான் அதிகமாக வாட்டுகின்றன என்று கண்டார்கள்.

நடந்துவிட்ட அடியை நாம் தடுக்க முடியாது. பிறகு கூட நிற்பது நம் கையில் இருக்கிறது. சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் திருத்தம் செய்து, 2016 ஜனவரி 26 முதல் 15-ஏ என்ற பிரிவு அமலில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, விசாரணைக்கு வந்துபோகும் செலவு, தேவைப்பட்டால் வேறு இடத்தில் குடியமர்த்தல், மறுவாழ்வு எல்லாம் அதில் உரிமையாக எழுதப்பட்டிருக்கின்றன. எப்.ஐ.ஆர். நகல் இலவசம். வக்கீல், சமூக சேவகர், தொண்டு நிறுவனம் இவர்களின் உதவியைப் பெறவும் உரிமை உண்டு. டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். கொலை வழக்கில் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புவரை படிப்புச் செலவு என்று விதிகளில் இருக்கிறது. 14566 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. காகிதத்தில் இருப்பதைக் கைக்குக் கொண்டுவருவதற்கு ஆள் வேண்டும். ஒரு வாய்தாவுக்குக் கூலி வேலையை விட்டு வருகிற சாட்சி, பத்து வாய்தா தள்ளிப்போனால் பதினோராவது முறை வருவாரா?

ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சட்டம் வரட்டும், வரவேற்போம். நம் சங்கம் செய்யக்கூடிய சிறிய காரியங்களை மட்டும் இங்கே வேண்டுகோளாக வைக்கிறேன்.

ஒன்று, ஊரில் பதற்றமான நாட்களில் வீட்டுக்குப் போக முடியாத மாணவ மாணவியருக்குக் கோவில்பட்டியில் இருக்கும் நம் உறுப்பினர்கள் வீட்டில் ஒரு அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுப்போம். அறை கொடுப்பவர் வேறு சாதிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. பயந்த பையனுக்கு அது நூறு பேச்சுக்குச் சமம்.

இரண்டு, சர்டிபிகேட் இழந்தவருக்கு நகல் வாங்கித் தருவது, பரீட்சைக் கட்டணம் கட்டுவது, கோர்ட்டுக்குக் கூடப் போவது. இவற்றுக்கு ஒரு சிறு நிதி ஒதுக்குவோம். வருஷத்துக்கு ஒருமுறை விருந்துக்கு ஆகும் செலவில் கால்வாசி போதும்.

மூன்று, நம்மில் பலர் கம்பெனியில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறோம். இன்டர்வியூவில் "எந்த ஊரு?" என்று கேட்டால் அதோடு நிறுத்துவோம். "எந்தப் பக்கம்?" என்ற அடுத்த கேள்வியை விட்டுவிடுவோம்.

நான்கு, பேராசிரியப் பெருமக்களுக்கு. ஐந்து வருஷம், இரண்டு வருஷம் என்று நான் சொன்ன கணக்குகள் கலிஃபோர்னியாவில் அளந்தவை. நம் மண்ணின் காயத்தை நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் நம் மொழியில் கேட்டு அளக்க வேண்டும். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இந்தக் கரிசல் மண்ணை ஆராய்ந்து வருகிறது. எந்த விதை தாங்கும், எத்தனை மழை வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு மேலாகக் கணக்கு வைத்திருக்கிறோம். அந்த மண்ணின்மேல் நடமாடுகிற மனிதரின் மனதுக்கும் கொஞ்சம் கணக்கு வைக்கலாமே!

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்கள் கிளாஸில் யாராவது ஒருவர் திடீரென்று இரண்டு நாள் பேசாமல் இருந்தால், பேப்பரில் அன்று என்ன செய்தி வந்தது என்று பாருங்கள். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. "வா, கேண்டீனுக்குப் போவோம்" என்றால் போதும்.